தரையைத் தேய்க்கும் முன் தூசியைப் பிடி

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து காசிமேடு வரைக்கும் வண்டி ஷெட் இல்லாத தெரு குறைவு. துறைமுகத்துக்குப் போய்வரும் டிரெய்லர், மீன் ஏற்றும் மினி வேன், ஆட்டோ எல்லாவற்றுக்கும் ஒரு தகரக் கூரையும் காங்கிரீட் தரையும் வேண்டியிருக்கிறது. அந்தத் தரைகளைத் தேய்த்து, பெயிண்ட் பிடிக்கும் பக்குவத்துக்குக் கொண்டுவருவதுதான் என் பிழைப்பு.

அப்பா மொசைக் பாலீஷ் போட்டவர். அவருடைய மெஷினுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கல் தரையைத் தேய்க்கத் தேய்க்க, வருவதெல்லாம் சேறுதான். தூசி கிளம்ப வழியில்லை. மொசைக் போய் டைல்ஸ் வந்தது. என் கைக்குக் கிரைண்டர் வந்தது. தேய்ப்பு அதேதான், தண்ணீர் மட்டும் இல்லை. அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இந்தத் தொழிலில் இருக்கும் பலருக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், ஏன் தேய்க்க வேண்டும்? காங்கிரீட் கொட்டி மட்டம் அடிக்கும்போது தண்ணீரும் சிமெண்ட் பாலும் மேலே ஏறி, சன்னமான படலமாகக் காய்ந்துவிடும். அதற்கு வலு கிடையாது. அதன் மேல் எப்பாக்ஸி பெயிண்ட் அடித்தால், பெயிண்ட் ஒட்டுவது தரையில் அல்ல, அந்தப் படலத்தில். சூடான டயர் நின்று கிளம்பும்போது இரண்டும் சேர்ந்து உரிந்து வரும். படலம் போய் மணல் தெரிகிற வரைக்கும் தேய்த்தால் போதும். கை வைத்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு இருக்க வேண்டும். ஜல்லி தெரியத் தேவையில்லை.

சிலர் ஆசிட் ஊற்றச் சொல்வார்கள். வேண்டாம். கடையில் கிடைக்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக். அதிலுள்ள குளோரைடு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். கடற்காற்று கொண்டுவரும் உப்பே இந்தப் பக்கத்துக் கட்டடங்களுக்கு அதிகம். எண்ணெய் ஊறிய இடத்தில் ஆசிட் வேலையும் செய்யாது.

தேய்க்கத்தான் வேண்டுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் 16 மணி நேரம் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. கடலோரத்தில் இது சகஜம். அந்தத் தரையில் எப்பாக்ஸி நிற்காது. ஈரத்துக்கு வழி பண்ணாமல் தேய்ப்பது வீண் வேலை, வீண் தூசி. எண்ணெய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தெரிந்துவிடும். உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, உறிஞ்சினால் சரி.

கிரைண்டரில் மாட்டுவது டயமண்ட் கப் வீல். ஐந்து இன்ச் மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று, ஏழு இன்ச் சுமார் 8,500. கெட்டியான காங்கிரீட்டுக்கு மென்மையான உலோகப் பிடிப்பு உள்ள வீலும், பொரபொரத்த காங்கிரீட்டுக்குக் கடினமான பிடிப்பு உள்ள வீலும் வாங்க வேண்டும். தலைகீழாகத் தோன்றும். ஆனால் உலோகம் தேய்ந்தால்தான் புது வைரத் துகள் வெளியே தெரியும். கெட்டித் தரையில் கடினப் பிடிப்பு தேயாது. வீல் வழுக்கும், மெஷின்தான் சூடாகும். அழுத்தாதீர்கள், மெஷினின் எடையே போதும். வீல் தட்டையாகப் படுத்தபடி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாய்ந்தால் பிறைபிறையாகக் குழி விழும், அதை எந்தப் பெயிண்டும் மறைக்காது. பக்கக் கைப்பிடியும் கார்டும் இல்லாமல் ஆன் செய்யவே கூடாது.

இவ்வளவையும் ஒரு பையன் சீக்கிரம் பழகிவிடுவான். தூசியைத்தான் பழகக் கூடாது.

மணலில் இருப்பது குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. கருங்கல் ஜல்லியிலும் அது உண்டு. வீல் அதை நான்கு மைக்ரானுக்கும் கீழே பொடியாக்குகிறது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைப் புகை கீழே படிந்துவிடும். தெரியாதது மணிக்கணக்கில் காற்றில் நின்று, நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போகும். அதை விழுங்க வரும் செல்கள் செத்துப்போகின்றன, அந்த இடம் தழும்பாகிறது. அதுதான் சிலிக்கோசிஸ். தழும்பைத் திருப்பி எடுக்க மருந்து இல்லை. பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் தெரியவரும். தூசி மிக அதிகமென்றால் அதற்கு வெகு முன்பே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-லேயே இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அமெரிக்காவில் 2016-ல் வந்த விதி, எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் வரைதான் அனுமதிக்கிறது. மூடிய ஷெட்டில் உறிஞ்சி இல்லாமல் கிரைண்டரைத் தொட்டால் அந்த அளவு எப்போதோ தாண்டிவிடும்.

நம் நாட்டிலும் 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியலிலேயே சிலிக்கோசிஸ் இருந்தது. கண்டால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய். ஆனால் இன்றைக்கு ஒரு ஷெட், நாளைக்கு ஒரு ஷெட் என்று அலைகிறவன் பெயர் எந்தத் தொழிற்சாலைப் பதிவேட்டில் இருக்கும்? அப்பாவோடு வேலை செய்த ஒருவர், கடைசி வருஷங்களில் கிரைண்டருக்கு மாறினார். இருமல் வந்தது. டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள், ஒழுங்காகச் சாப்பிட்டார், மூச்சு மட்டும் திரும்பவில்லை. மாடி ஏற முடியாமல் கீழ் வீட்டுக்குக் குடிமாறினார். இரண்டு நோயும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலத் தெரியலாம். சிலிக்கா ஏறிய நுரையீரலில் டிபி வருவதும் சுலபம். அதனால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வேறெங்கே போனாலும், டாக்டர் கேட்காவிட்டாலும், "காங்கிரீட் தேய்க்கிற வேலை சார்" என்று நாமே சொல்லிவிட வேண்டும்.

என்ன செய்யலாம்? கிரைண்டரின் வீலைச் சுற்றி ஒரு தூசி ஹூட், அதிலிருந்து குழாய், குழாயின் முனையில் ஹெப்பா ஃபில்டர் போட்ட வாக்குவம். தூசி பிறக்கிற இடத்திலேயே பிடிபடும். கைக்குட்டை கட்டுவது எதற்கும் உதவாது. முகத்தில் இறுகப் படியும் என்95 குறைந்தபட்சம். அரை முக ரெஸ்பிரேட்டர் இன்னும் நல்லது. தாடி இருந்தால் இரண்டுமே சரியாகப் படியாது. முடிந்ததும் துடைப்பம் எடுக்காதீர்கள், வாக்குவத்தாலேயே எடுங்கள். அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

"கொஞ்சம் தண்ணி தெளிச்சுக்கிட்டே ஓட்டேண்ணே" என்று ஓனர்கள் சொல்வதுண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் சாதாரண கை கிரைண்டர் தண்ணீருக்குச் செய்யப்பட்டதல்ல, கரண்ட் அடித்துவிடும். முழு ஷெட்டையும் தேய்க்க வேண்டுமென்றால் தண்ணீரோடு ஓடும் தரை மெஷினை வாடகைக்கு எடுத்து, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஈஎல்சிபி உள்ள லைனில் மாட்டுங்கள் என்பேன். கை கிரைண்டர் சுவர் ஓரத்துக்கும் தூண் மூலைக்கும் மட்டும் போதும். தரை மெஷினில் வரும் சேற்றைக் கால்வாயில் விடாமல், படியவிட்டு அள்ளி மூட்டை கட்டுங்கள். இங்கே மழை வந்தால் அடைபட்ட கால்வாய் என்ன செய்யும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று ஃபேன். புகையாக இருக்கிறது என்று ஷெட்டுக்குள் பெரிய ஃபேனை வைத்து வெளியே தள்ளுவார்கள். எங்கள் பக்கம் வீடும் ஷெட்டும் ஒரே சுவர். அந்தக் காற்று போய்ச் சேருவது அடுத்த வீட்டு ஜன்னலில்.

ஆள் கூப்பிடும்போது சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "ஹூடும் வாக்குவமும் கொண்டு வருவீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வாக்குவம் வாடகையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். ரேட் கொஞ்சம் கூடும். நான் என் பையன்களை ஹூடும் வாக்குவமும் இல்லாமல் வேலைக்கு இறக்குவதில்லை. அதனால் சில வேலைகள் கைவிட்டுப் போகின்றன, போகட்டும்.