உளுந்து வேரைக் கிள்ளிப் பார்த்தீர்களா?

போன குறுவையில் பக்கத்து வயல்காரர் என்னிடம் கேட்டார்: “தை மாசம் உளுந்து தெளிச்சு எடுத்தேனே சார், மண்ணுக்குத் தழைச்சத்து ஏறியிருக்கணுமே. நெல்லு ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?” நியாயமான கேள்விதான். பயறு போட்டால் மண் வளமாகும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம்; கூட்டங்களில் நானும் சொல்லியிருக்கிறேன். எப்போது ஆகும், எவ்வளவு ஆகும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். நம் வயலுக்கு மேலேயே அது நிற்கிறது, ஆனாலும் எந்தப் பயிரும் அதை நேரே எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டிரண்டு அணுக்களாக மூன்று பிணைப்பில் இறுகிக் கிடக்கிறது. உரத் தொழிற்சாலையில் அதைப் பிரிக்க 400 டிகிரிக்கு மேல் சூடும் பெரும் அழுத்தமும் வேண்டும். ரைசோபியம் என்ற நுண்ணுயிர் அதே வேலையைச் சாதாரண மண் சூட்டில் முடித்துவிடுகிறது, பயறுச் செடியின் வேருக்குள் குடிபோன பிறகு. 1886இல் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் இருவரும் இந்த உண்மையைச் சோதித்துக் காட்டினார்கள்.

உளுந்து வேர் ஒரு பொருளைக் கசியவிட்டு ரைசோபியத்தைக் கூப்பிடும். அதுவும் பதிலுக்கு ஒன்றைக் கசியவிடும். உடனே வேர்த்தூவி கொக்கி மாதிரி வளைந்து, அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் முடிச்சு உருவாகிறது. செடி சர்க்கரை கொடுக்கிறது, நுண்ணுயிர் தழைச்சத்து கொடுக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. நைட்ரஜனைப் பிரிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது. நுண்ணுயிர் மூச்சு விடவோ ஆக்சிஜன் வேண்டும். அதற்காக முடிச்சுக்குள் லெக்ஹீமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரன். ஆக்சிஜனைப் பிடித்து வைத்து, ரேஷன் மாதிரி அளந்து கொடுக்கும். முடிச்சு இளஞ்சிவப்பாக இருப்பது இதனால்தான்.

ஆகவே, சோதிப்பது சுலபம். விதைத்த 30–35 நாளில், பூக்கும் சமயம், நாலைந்து இடத்தில் செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே நின்றுவிடும். தண்ணீரில் அலசி, முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் ஆரம்பிக்கவில்லை, அல்லது சோம்பேறி ரகம் உள்ளே உட்கார்ந்து செடியின் சர்க்கரையைத் தின்கிறது. பச்சை, பழுப்பு என்றால் வேலை முடிந்துவிட்டது. காய் முற்றும்போது அப்படித்தான் ஆகும். நூற்புழு வீக்கத்தைப் பார்த்து முடிச்சு என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு (நானும் ஒருவன்). நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், தட்டினால் கழன்று விழும். நூற்புழு வீக்கத்தில் வேரே பருத்திருக்கும், கழலாது.

முடிச்சு சரியாக இல்லாததற்குக் காரணங்கள் பல. நெல்லுக்காக மாதக்கணக்கில் தண்ணீர் கட்டிய வயலில் ரைசோபியம் குறைந்துபோயிருக்கும். அதனால் விதை நேர்த்தியை விட வேண்டாம். 200 கிராம் பொட்டலம் ஒன்றை, ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து, 8–10 கிலோ உளுந்து விதையில் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தித் தெளிக்கலாம். பொட்டலத்தில் இருப்பது உயிர். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயிலில் வைத்து விற்றதை வாங்கி ஒரு வருஷம் ஏமாந்திருக்கிறேன். பயிர் பெயரையும் பாருங்கள். உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கடலைக்கு ஒரே கூட்டம் ஒத்துப்போகும். சோயாவுக்கும் கொண்டைக்கடலைக்கும் வேறு வேறு. தண்ணீர் தேங்கினாலும் காற்றில்லாமல் முடிச்சு செத்துப்போகும். இன்னொன்று, மண்ணில் தழைச்சத்து மிஞ்சியிருந்தால் செடி முடிச்சே போடாது. யூரியா மட்டுமில்லை, எருவை அளவுக்கு மீறிக் கொட்டினாலும் இதே கதைதான்.

இப்போது வரவு செலவுக்கு வருவோம். வங்கி வேலையை விட்டாலும் கணக்குப் பார்க்கிற புத்தி போகவில்லை. உளுந்தில் புரதம் ஏறக்குறைய 24 விழுக்காடு. புரதத்தை 6.25ஆல் வகுத்தால் தழைச்சத்து. ஏக்கருக்கு 300 கிலோ உளுந்து எடுத்தால், சுமார் 11½ கிலோ தழைச்சத்து மூட்டையோடு வெளியே போகிறது. செடியையும் வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோய், பொட்டையும் மாட்டுக்குப் போட்டால், உதிர்ந்த இலையும் அறுந்த வேரும்தான் வயலுக்கு மிச்சம். செடி எடுத்ததில் ஒரு பங்கு மண்ணிலிருந்து வந்தது என்பதால், சில சமயம் கையிருப்பே குறையும். கடலையில் இது இன்னும் மோசம், வேரோடு பிடுங்காமல் கடலை எடுக்க முடியாதே!

ஊடுபயிரிலும் இதே கணக்குதான். உயிரோடு இருக்கிற பயறு பக்கத்துப் பயிருக்கு அள்ளிக் கொடுப்பதில்லை. தன் தேவையைக் காற்றில் எடுத்துக்கொண்டு, மண்ணில் இருப்பதற்குப் போட்டி போடாமல் விடுகிறது. அவ்வளவே. செடி மக்கினால்தான் மற்றதற்குக் கிடைக்கும். தக்கைப்பூண்டு, சணப்பைப் பூக்கும்போதே மடக்கி உழச் சொல்வது இதனால்தான்: எடுத்தது முழுவதும் அங்கேயே இருக்கும்.

பக்கத்து வயல்காரரும் உளுந்தை வேரோடு பிடுங்கித்தான் களத்துக்குக் கொண்டுபோனாராம். முடிச்சைப் பார்க்கவே இல்லையாம். இந்தத் தை மாசம் விதையில் ரைசோபியம் புரட்டித் தெளித்தார். 32ஆம் நாள் இருவருமாகத் தோண்டிப் பார்த்தோம். மேட்டுப் பக்கம் நல்ல சிவப்பு; வாய்க்கால் ஓரம், தண்ணீர் நின்ற இடத்தில், ஒன்றிரண்டு வெள்ளை முடிச்சுதான். அறுவடைக்கு அரிவாள் வைத்து வேரை மண்ணிலேயே விட்டார். பொட்டில் பாதி மாட்டுக்கு, பாதி வயலுக்கு என்று பேச்சு. கோடை மழை கிடைத்ததும் வாய்க்கால் ஓரத்துக்குத் தக்கைப்பூண்டு தெளித்திருக்கிறார்.