யாருப்பா ஜெயிப்பா? கோல குபு பாரு காட்டிய கணக்கு

தேர்தல் வந்துவிட்டால் பெரட்டுக் களத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் ஒரே கேள்விதான்: "யாருப்பா ஜெயிப்பா?" கொடியை எண்ணிச் சொல்பவர் உண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொல்பவரும் உண்டு. இரண்டையும் நம்ப முடியாது. வேட்பாளரின் பலத்தை எப்படி எடை போடுவது என்பதற்கு, சிலாங்கூரில் 2024 மே 11-ல் நடந்த கோல குபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தல் நல்ல பாடம்.

சட்டமன்ற உறுப்பினர் லீ கீ ஹியோங் மறைந்ததால் வந்த தேர்தல் அது. நால்வர் நின்றாலும் உண்மைப் போட்டி இருவருக்குள்தான்: பக்காத்தான் ஹராப்பான் சார்பில் ஜ.செ.க.வின் பாங் சோக் தாவ். பெரிக்காத்தான் சார்பில் பெர்சத்துவின் கைருல் அஸ்ஹாரி.

முதலில் பழைய ஓட்டைப் பார்க்க வேண்டும். 2023-ல் லீ 14,862 ஓட்டு பெற்று 4,119 பெரும்பான்மையில் வென்றிருந்தார். ஆகவே பாங் ஒரு படி முன்னால் நின்றார்.

அடுத்து, வாக்காளர் யார் யார்? மொத்தம் 40,226 பேர். ஏறக்குறைய பாதி மலாய்க்காரர், பத்தில் மூன்று பங்கு சீனர், இந்தியர் சுமார் 18 விழுக்காடு. 2023-ல் சீனரை நிறுத்திய பெரிக்காத்தான், இம்முறை மலாய்க்காரரை நிறுத்தியது இதனால்தான். அம்னோ ஓட்டு ஜ.செ.க.வுக்கு விழுமா என்பது பெரிய கேள்வியாக இருந்தது. ம.சீ.ச.வோ பிரச்சாரத்துக்கே வரவில்லை.

இனி நம்ம ஓட்டு. இந்தியர் ஏழாயிரத்துக்கு மேல். முந்திய பெரும்பான்மையோ நாலாயிரத்துச் சொச்சம்! நம்மவர் கோபத்துக்கும் காரணம் இருந்தது. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக இருபது வருஷத்துக்கு மேல் காத்துக் கிடந்தார்கள். தேர்தல் நெருங்கியதும் 245 குடும்பங்களுக்கு வீடு கட்ட 4 கோடி வெள்ளி என்ற அறிவிப்பு வந்தது. இத்தனை வருஷம் கேட்காத காது அப்போது கேட்டது எப்படி? ஓட்டு நெருக்கம்தான்.

முடிவு என்ன? பாங் 14,000, கைருல் 10,131. பெரும்பான்மை 3,869. இரு தரப்புக்குமே முன்னைவிட ஓட்டு குறைந்தது. வாக்களித்தவர் நூற்றுக்கு அறுபது பேரைச் சற்றே தாண்டினர். ஏறக்குறைய 15,000 பேர் வரவேயில்லை. வெற்றி வித்தியாசத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் வீட்டிலேயே இருந்துவிட்டது!

தோட்டப்புறச் சகோதர சகோதரிகளே, "நம்ம ஒரு ஓட்டு என்ன செய்யும்?" என்று சொல்லாதீர்கள். போட்டி நெருக்கமாக இருக்கும்போதுதான் நம் லயத்துக்குப் பாதை தெரிகிறது. அந்த நேரத்தில் அரிசியும் சட்டையும் கேட்காமல், நிலம் எங்கே, கிராண்ட் யார் பேரில், சாவி எந்தத் தேதியில் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அறிவிப்பு வேறு, வீடு வேறு.