பேய்க் கதைகள் கேட்கும் நீதி

வானவடியில் வாழும் நம்மவருள் பலர் சிந்தே சத்திரியைக் கண்டிருப்பர். 1794ஆம் ஆண்டில் இவ்வூரில் காலமான மராட்டியத் தலைவர் மகாதஜி சிந்தேயின் நினைவிடம் அது. 1782இல் சால்பாய் உடன்படிக்கையை முன்னின்று முடித்தவர் அவரே. அவ்வுடன்படிக்கையால் ஓய்ந்த போருக்கு வித்திட்டது சனிவார் மாளிகையில் நடந்த ஒரு கொலை. அம்மாளிகையைப் பற்றிப் புனே மக்கள் கூறும் பேய்க் கதையை இங்கே சிறிது ஆராய்வோம்.

1773ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், 18 வயதே நிரம்பிய பேஷ்வா நாராயணராவ் காவற்படையினரால் வெட்டுண்டு மாண்டார். “சிற்றப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்” என்னும் அவர் குரல் நிலவிரவுகளில் இன்றும் ஒலிப்பதாகக் கூறுவர். சிற்றப்பா இரகுநாதராவே குற்றவாளி என்று நீதிபதி இராமசாஸ்திரி அஞ்சாது தீர்ப்பளித்தார். எனினும் தண்டனை நிறைவேறவில்லை. சால்பாய் உடன்படிக்கை இரகுநாதராவுக்கு உதவித்தொகையே வழங்கியது. நீதிமன்றம் முடிக்க இயலாத வழக்கை மக்களின் கதை ஏற்றுக்கொண்டது.

மேனாட்டுப் பேய்க் கதைகளுக்கும் அடிப்படை இதுவே. ‘காதிக்’ எனப்படும் அச்சக் கதைகளின் முன்னோடி, 1764இன் இறுதியில் வெளிவந்த ஹோரஸ் வால்போலின் ‘ஒட்ராண்டோ கோட்டை’. அதில், தலைவனை நஞ்சிட்டுக் கொன்று கவர்ந்த ஆட்சி பேரன் காலத்தில் அழிகிறது. பேருருவான தலைக்கவசம் ஒன்று விழுந்து அப்பேரனின் மைந்தனை நசுக்கிவிடுகிறது. இறுதியில் உழவனாகத் தோன்றிய இளைஞன் அரசுரிமை பெறுகிறான். ஆயினும் அவன் அரச மரபினன் என்று தெளிந்த பின்னரே அது கிடைக்கிறது. எளியவன் எளியவனாகவே இருந்து நீதி பெற அக்கதையில் இடமில்லை.

சனிவார் மாளிகையிலும் இக்குறை உண்டு. கொலை நடந்தபோது சாபாஜி திலேகர் என்னும் பணியாள் ஆயுதமின்றி ஓடிவந்து, தம் தலைவரைக் காக்க முயன்று, அவருடனேயே உயிர் துறந்தார். வரலாறு அவர் பெயரைக் குறித்துள்ளது. ஆனால் ஊரார் சொல்லும் கதையில் அரசிளைஞரின் குரல் உண்டு. பணியாளின் குரல் இல்லை.

நம் நாட்டுக் கதைப்பாடல்கள் வேறு வழி சென்றன. அருந்ததியர் இல்லத்தில் வளர்ந்த மதுரை வீரன், மன்னன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்ததாகக் கதை கூறும். மக்கள் அவனைப் பேயென்று விரட்டவில்லை. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாயிலருகே தெய்வமாக நிறுத்தினர். இத்தகைய கதைப்பாடல்கள் பலவற்றைப் பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்துப் பதிப்பித்தார்.

வழிபாடு நீதிக்கு ஈடாகாது. வெட்டுண்ட கை திரும்ப முளைப்பதில்லை. எனினும், இழைத்த தவற்றை மறவாமல் வைத்திருப்பது நீதியின் முதற்படி. ஊரிலிருந்து வரும் உறவினரைச் சனிவார் மாளிகைக்கு அழைத்துச் செல்லும்போது, நாராயணராவின் குரலோடு சாபாஜியின் பெயரையும் சேர்த்துச் சொல்வோமாக.