வேஷம் கட்டும் நோயாளி

1911ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனைச் செவிலியர் பள்ளிக்கு, பொம்மைத் தொழிலில் பெயர்பெற்ற மார்த்தா சேஸ் அம்மையாரின் தொழிற்சாலையிலிருந்து வந்து சேர்ந்த 'திருமதி சேஸ்' என்னும் ஆளுயரப் பொம்மையைப் புரட்டிக் கிடத்தவும் உடை மாற்றவும் பழகிய மாணவிகள், ரோகி ஒருவருக்கும் தீங்கு நேராமலே கைத்திறன் பெற்றார்கள். ஆனால் பொம்மைக்கு வெட்கமில்லை, பயமில்லை, குடும்பக் கவலையில்லை. ஆரோக்கியமான ஒருவருக்கு நோயின் சரித்திரத்தையும் அவஸ்தையையும் கற்பித்து மாணவர்முன் அமர்த்தும் முறையை 1963இல் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கினார்.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் வெளியிட்ட திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டம், 'சிமுலேஷன்' என்னும் இத்தகைய பாவனைப் பயிற்சிக்கு இடம் வகுத்திருக்கிறது. சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் கல்லூரிகள் அதற்கான கதைகளை அயல்நாட்டுப் புத்தகங்களில் தேட வேண்டியதில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

நாமக்கல் லாரி ஓட்டுநர் ஒருவருக்குப் புதிதாக இன்சுலின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அளவையும், ஊசி குத்தும் இடத்தையும், மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கும் விதத்தையும் மாணவி பிசகின்றி ஒப்பிக்கிறாள், அவரும் தலையாட்டுகிறார். "ஏனுங்கண்ணா, வண்டியில போறப்ப எந்நேரத்துக்குச் சாப்பிடுவீங்க?" என்று அவள் கேட்டால்தான், "லோடு எறக்குனாத்தான் சோறு கண்ணு, சிலநாளு சாயங்காலமே ஆயிப்போகுமுங்க" என்ற உண்மை வெளிவரும். ஊசி போட்டபின் உணவு தள்ளிப்போனால் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, நினைவு தடுமாறும்; ஸ்டியரிங் பிடித்தவருக்கு அது பிராணாபத்து. கேளாத அந்த ஒரு கேள்வியால், பிழையற்ற போதனை முழுவதுமே அவருக்கு உதவாமல் போகிறது. மெய்யான வார்டில் இப்பிழை வீடுவரை சென்று விபரீதமாகும். சிமுலேஷன் ஆய்வகத்திலோ அன்றே திருத்தலாம்.

நடிப்பு பத்து நிமிஷமென்றால், பிறகு கூடிப் பேசுவது அதனினும் நீள வேண்டும். அதில் ஆசிரியைக்கு முன்பாக வேஷம் கட்டியவரே பேசுவது உசிதம். "சீட்டைப் பாத்தே கேட்டீங்க கண்ணு, எம் மூஞ்சிய ஒருக்காலும் பாக்கலீங்க" என்று அவர் வாயால் கேட்பது, மதிப்பெண் குறைவதைக் காட்டிலும் ஆழத் தைக்கும். இத்தகைய வேஷங்களுக்கு மாணவிகளையே மாற்றி மாற்றி அமர்த்தாமல், ஓய்வுபெற்ற ஓட்டுநர்களையும் பள்ளிபாளையத்துத் தறிக்காரப் பெண்களையும் அழைத்துப் பழக்கி, வந்த நாளுக்குரிய கூலியையும் கல்லூரிகள் தர வேண்டும்.