விளக்கைப் பிடிக்கும் கை

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தின் உத்தரத்திலிருந்து ஒரே ஒரு மின்சார பல்பு தொங்கிக்கொண்டிருந்தது. அது கூடத்தின் நடுவில், எவருக்கும் அருகில் இல்லாமல், எல்லோருக்கும் சமதூரத்தில் நின்று எரிந்தது. பரீட்சைக் காலம் வந்துவிட்டால் என் தகப்பனார் அதன் கம்பியை ஒரு சணல் கயிற்றால் கட்டி இழுத்து, கயிற்றின் மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்து, பல்பை என் புத்தகத்துக்கு மேலே கொண்டுவந்து நிறுத்துவார். வெளிச்சம் கண்ணில் அடிக்காதபடி பழைய பஞ்சாங்க அட்டையைக் கூம்பாகச் சுருட்டி அதன் மேல் கவிழ்ப்பார். அரைமணி நேரத்தில் அட்டை காய்ந்து பழுத்து, கருகல் வாசனை வீசத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு அம்மா தையல் வேலையோடு வந்து உட்கார்ந்தால், கயிற்றை அவிழ்த்து வேறு ஜன்னலில் கட்டுவோம். ஒரு சணல் கயிறும் ஓர் அட்டையும் செய்த அந்த வேலையைச் செவ்வனே செய்து முடிப்பதற்கு மேல்நாட்டில் எத்தனை பேர் எத்தனை வருஷம் பிரயத்தனப்பட்டார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. தெரிந்த நாள் முதல் அந்தச் சரித்திரத்தின்மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு.

எண்ணெய் விளக்கின் காலத்தில் இந்தப் பிரச்னை இவ்வடிவில் இருந்ததில்லை. அகலானாலும் அரிக்கேன் லாந்தரானாலும், விளக்கு மனிதன் கையோடு போயிற்று. எழுதுகிறவன் அதைப் பெட்டியின் மேல் வைத்தான், அடுப்படியில் இருப்பவள் மாடத்தில் வைத்தாள். ஆனால் சுடர் எப்போதும் மேல்நோக்கியே நிற்குமாதலால் விளக்கைச் சாய்க்கவோ கவிழ்க்கவோ முடியாது. அதன் அடியில் எண்ணெய்ப் பாத்திரத்தின் நிழல் எந்நாளும் கிடக்கும். மின்சாரம் வந்தபோது ஒரு விநோதமான கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்தது. சுடருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குமிழுக்குள் காய்ந்து ஒளிரும் இழை வந்ததால், விளக்கைத் தலைகீழாகத் தொங்கவிடலாம், எப்பக்கமும் திருப்பலாம் என்ற சுதந்திரம் கிடைத்தது. அதே சமயத்தில் கம்பியோடு பிணைக்கப்பட்டு உத்தரத்தில் ஏறிவிட்டதால், கையோடு வரும் சுதந்திரம் பறிபோயிற்று. பறிபோனதைத் திரும்பக் கொடுத்தது பல்பு அன்று. பல்பையும் அதன் மேல்மூடியையும் பிடித்துக்கொண்டு, நாம் வேண்டிய உயரத்துக்கும் வேண்டிய சாய்வுக்கும் இசைந்து கொடுக்கும் தாங்கிதான்.

முதலில் மூடி ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1879-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஸ்வானும் அமெரிக்காவில் எடிசனும் உண்டாக்கிய கரி இழை பல்புகள் மங்கலானவை. மஞ்சளும் சிவப்பும் கலந்த அவற்றின் ஒளியை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது. 1910-ல் அமெரிக்காவில் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டன் உலோகத்தை மெல்லிய கம்பியாக இழுக்கும் முறையைக் கண்டார். 1913-ல் இர்விங் லாங்மியூர் குமிழுக்குள் வாயுவை நிரப்பி, இழையை முன்னிலும் அதிகச் சூட்டில் எரியச் செய்தார். பிரகாசம் பெருகியது, கூடவே கண் கூச்சமும் பெருகியது. ஆகவே பிரகாசம் பெருகப் பெருக, அதை மறைப்பதும் ஒரு சாஸ்திரமாயிற்று. டென்மார்க்கின் பௌல் ஹென்னிங்சன் என்ற கட்டடக் கலைஞர், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இழை கண்ணில் படாதபடி மூன்று மூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கணக்கிட்டு அமைத்துப் புகழ்பெற்றார்.

மூடி இருந்தால் அதைப் பிடிக்க ஓர் உறுப்பு வேண்டுமே! நம் வீடுகளில் பல்பின் கழுத்திலுள்ள இரண்டு முளைகளை அழுத்தித் திருப்பி மாட்டும் பித்தளை ஹோல்டரையும், பின்னால் வந்த பேக்லைட் ஹோல்டரையும் பார்த்தவர்கள், அதன் வெளிப்புறத்தில் மரையும், அந்த மரையில் ஏறும் ஒரு வளையமும் இருப்பதைக் கவனித்திருப்பார்கள். வளையத்தைக் கழற்றி, மூடியின் மேல்துவாரத்தை ஹோல்டரில் கோத்து, மறுபடி வளையத்தை முடுக்கிவிட்டால் மூடி நின்றுவிடும். அமெரிக்காவில் கண்ணாடி மூடிகளே அதிகமாதலால், இரண்டேகால் அங்குலக் கழுத்துள்ள மூடியை ஓர் உலோகக் கிண்ணத்துக்குள் நுழைத்து, சுற்றிலும் மூன்று திருகாணிகளால் பிடிக்கும் வழக்கம் இருந்தது. அது காஸ் விளக்குக் காலத்திலிருந்து வந்த சொத்து. அந்தத் திருகாணிகளைப் பலங்கொண்ட மட்டும் முடுக்கக்கூடாது என்பதைக் கைதேர்ந்த பணியாளர்கள் அறிவார்கள். விளக்கு எரியும்போது சூட்டில் கண்ணாடி விரியும், விரிய இடமில்லாவிட்டால் கழுத்தில் கீறல் விழும். திருகாணி கண்ணாடியைத் தொட வேண்டும், நெருக்கக்கூடாது. இவ்வளவு சிறிய உறுப்பில் இவ்வளவு நுட்பம் இருப்பதை எண்ணும்போது, அதை முதலில் யோசித்தவன் கையை வணங்கத் தோன்றுகிறது.

ஆனால் இவையெல்லாம் மூடியைப் பிடித்தனவே ஒழிய, அசைக்கவில்லை. அசைப்பதனால் வரும் லாபம் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஒரு புள்ளியிலிருந்து பரவும் வெளிச்சம், தூரம் இரட்டிப்பானால் பாதியாகக் குறைவதில்லை. நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மேஜைக்கு 6 அடி உயரத்தில் தொங்கும் பல்பை ஒன்றரை அடிக்குக் கொண்டுவந்தால், தூரம் நாலில் ஒன்றாகிறது, காகிதத்தின்மேல் விழும் வெளிச்சமோ பதினாறு மடங்காகிறது. மின்சாரச் செலவில் ஒரு பைசா கூடாமல் பதினாறு மடங்கு! உத்தரத்தில் பெரிய பல்பைப் போட்டுக் கண்ணை நோகடித்துக்கொள்வதைவிட, சிறிய பல்பை வேலைக்கு அருகில் கொண்டுவருவதே புத்திசாலித்தனம் என்று நகை வேலை செய்யும் ஆசாரிமாரும் கடிகாரம் பழுது பார்ப்பவர்களும் கணக்கறியாமலே கண்டுகொண்டிருந்தார்கள்.

முதல் யுக்தி கப்பியும் எதிர்ப்பாரமும். விளக்கின் கம்பியைக் கப்பியில் ஓட்டி, மறுபக்கத்தில் ஈயக் குண்டுகள் நிரப்பிய பீங்கான் குடுவை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். விளக்கின் பாரமும் குடுவையின் பாரமும் சமமாக இருந்தால், சாப்பாட்டு மேஜைக்கு மேலே விளக்கை இறக்கவும் ஏற்றவும் ஒரு விரல் போதும். இது நல்ல சாதனந்தான், எனினும் மேலும் கீழுமன்றிப் பக்கவாட்டில் வராது. இரண்டாவது, வளைத்தால் வளைந்தபடி நிற்கும் உலோகக் குழாய். நாளடைவில் தளர்ந்து தலை தொங்கிவிடும். மூன்றாவது, முழங்கையைப்போல் மூட்டுகள் வைத்து, ஒவ்வொரு மூட்டையும் திருகாணியால் இறுக்குவது. ஜெர்மனியில் துரிங்கியா பிரதேசத்தின் அவுமா என்ற சிற்றூரில் யந்திரத் தொழிற்சாலை வைத்திருந்த கூர்ட் ஃபிஷர், தொழிலாளிகள் தங்கள் நிழலிலேயே வேலை செய்ய நேர்வதைக் கண்டு, 1919 முதல் வெளிச்சத்தை வேண்டிய பக்கம் திருப்பும் விளக்குகளைச் செய்யலானார். அவை பௌஹௌஸ் கலாசாலையின் பட்டறைகளிலும் இடம்பெற்றன. மனிதன் விளக்கைத் தேடிப் போவதன்று, விளக்கு மனிதனைத் தேடி வருவதே முறை என்று தெளிவாக உணர்ந்தவர்களில் அவர் முன்னோடி.

திருகாணியால் இறுக்கும் மூட்டில் ஒரு சங்கடம் உண்டு. விளக்கு விழாமலிருக்க அழுத்தி இறுக்கினால், அசைக்கும்போது முரண்டு பிடிக்கும். அசைய இடம்கொடுத்துத் தளர்த்தினால், தானே கீழே சரியும். இறுக்கத்துக்கும் இளக்கத்துக்கும் நடுவே ஒரு சமாதானத்தைத் தேடுவதைவிட, இறுக்கமே தேவையில்லாத ஓர் அமைப்பு இருக்க முடியாதா? இக்கேள்விக்கு விடை கண்டவர் விளக்குத் தொழிலைச் சேர்ந்தவரல்லர்; மோட்டார் வண்டிகளின் ஸ்பிரிங் அமைப்புகளில் கைதேர்ந்த ஜார்ஜ் கார்வர்டைன் என்ற ஆங்கிலேயர். 1887-ல் பிறந்த இவர், பாத் நகரில் ஹார்ஸ்ட்மன் மோட்டார் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்தவர். குண்டும் குழியுமான சாலையில் வண்டியின் பாரத்தை ஸ்பிரிங் எப்படித் தாங்குகிறது என்பதையே ஓயாமல் சிந்தித்துவந்த அவர் மனத்தில், ஒரு பாரத்தை எந்த நிலையிலும் அப்படியே நிறுத்திவைக்கும் கை ஒன்று உருவாயிற்று. அதை விளக்குக்கு உபயோகிக்கலாம் என்ற எண்ணம் அதற்குப் பிறகே வந்தது. 1932-ல் அதற்குக் காப்புரிமை கோரினார்.

அதன் தத்துவத்தை நாமே நம் கையால் சோதித்துப் பார்க்கலாம். தண்ணீர் நிறைந்த ஒரு செம்பைப் பிடித்துக் கையை நேராக முன்னே நீட்டினால், தோள் கடுக்கும். அதே செம்போடு கையைத் தலைக்கு மேல் தூக்கினால், அவ்வளவு சிரமம் இல்லை. செம்பின் பாரம் மாறவில்லை, தோளிலிருந்து அது விலகி நிற்கும் கிடைத்தூரமே மாறிற்று. ஆகவே விளக்குக் கையைத் தாங்கும் விசை எப்போதும் ஒரே அளவில் இருந்தால் பயனில்லை. கை கிடையாக நீளும்போது மிகுந்தும், நிமிரும்போது குறைந்தும் வர வேண்டும். வில்சுருளோ, இழுக்க இழுக்க அதிகமாக எதிர்த்து இழுக்கும் குணம் உடையது. கையின் அடியில் மூட்டுக்கு அருகே ஒரு முனையையும், கீழே பீடத்தில் மறுமுனையையும் தகுந்த இடம் பார்த்து மாட்டிவிட்டால், கை சாயச் சாயச் சுருளின் இழுப்பும் அந்த இழுப்பு செயல்படும் கோணமும் சேர்ந்து மாறி, பாரத்தின் தேவையோடு அடிக்கு அடி ஒத்துப்போகின்றன. இது துல்லியமாக நிகழ வேண்டுமானால், சும்மா கிடக்கும்போதே வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கும்படி இறுக்கிச் சுற்றிய சுருள் வேண்டும். மேற்கையின் பாரத்தையும் ஒரு மெல்லிய இணைகம்பியின் வழியாகக் கீழே கொண்டுவந்து, சுருள்களையெல்லாம் அடியிலேயே வைத்தது மற்றொரு நுட்பம். அதனால் மேற்பகுதி இலேசாயிற்று. மனிதக் கையில் எலும்பு தாங்க, தசைநார்கள் இழுத்துப் பிடிப்பதுபோலவே, இங்கே கம்பி தாங்குகிறது, சுருள் பிடிக்கிறது. மணிக்கட்டின் ஸ்தானத்தில் மூடி அமர்ந்து எப்பக்கமும் திரும்புகிறது.

அத்தகைய சுருள்களை ஒரே சீராகச் சுற்றித் தருவது எளிதன்று. வுஸ்டர்ஷயரில், ஊசித் தொழிலுக்குப் பேர்பெற்ற ரெட்டிச் என்ற ஊரில் 1855 முதல் நடந்துவந்த ஹெர்பர்ட் டெர்ரி நிறுவனம் சுருள் செய்வதில் தேர்ந்தது. கார்வர்டைன் அவர்களோடு கூடினார். விளக்குக்கு முதலில் ‘ஈக்விபாய்ஸ்’ என்று பெயரிட விரும்பினார்கள். அது வழக்கிலுள்ள சொல்லாதலால் பதிவு கிடைக்கவில்லை, ‘ஆங்கிள்பாய்ஸ்’ என்ற புதுப்பெயர் பிறந்தது. நான்கு சுருள்களோடு 1208 என்ற எண்ணிட்ட விளக்கு 1934-ல் தொழிற்சாலைகளுக்கும் வைத்திய சாலைகளுக்கும் சென்றது. அடுத்த வருஷம், படிக்கட்டுபோல் அடுக்கிய சதுரப் பீடத்தின் மேல் மூன்று சுருள்களோடு 1227 வீட்டு மேஜைகளுக்கு வந்தது. நான்கை மூன்றாக்கியது சிக்கனம் மட்டுமல்ல. தொழிற்சாலைப் பொருளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளும்படியான ஒரு லக்ஷணம் அதனால் உண்டாயிற்று என்பது என் அபிப்பிராயம்.

1937-ல் நார்வேயைச் சேர்ந்த யாக் யாக்கப்ஸன் இதே தத்துவத்துக்கு உரிமை பெற்று, ‘லக்ஸோ’ என்ற பெயரில் தம் விளக்கைச் செய்தார். கம்ப்யூட்டரில் உயிர்ச்சித்திரம் வரையும் கலை தொடங்கிய நாளில், பிக்ஸார் நிறுவனத்தின் ஜான் லாசெட்டர் 1986-ல் எடுத்த சிறு படத்துக்கு நாயகனாகத் தேர்ந்தெடுத்தது ஒரு சின்ன லக்ஸோ விளக்கைத்தான். முகமில்லை, வாயில்லை; மூடி குனிந்தால் துக்கம், நிமிர்ந்தால் ஆவல். மனிதக் கையின் இயல்பை அறிந்து செய்த பொருளாதலால், அதில் மனித பாவங்கள் ஏறி அமர்ந்ததில் வியப்பில்லை.

எங்கள் தெருமுனையில் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவரிடம் இவ்வகை விளக்கு ஒன்று இருக்கிறது; எந்த ஊரில் செய்ததென்று அவருக்கும் தெரியாது. இரும்பு மூடி துருப்பிடித்து உதிர்ந்துவிடவே, அவர் அதன் இடத்தில் மெல்லிய அலுமினிய மூடி ஒன்றை மாட்டினார். அன்று முதல் விளக்கு கீழே நிற்க மறுத்து, விட்ட மாத்திரத்தில் மேலே எழும்பத் தொடங்கிற்றாம். “சுருளுக்குப் பழைய பாரந்தான் பழக்கம், தம்பி” என்றார் அவர். மூடியின் உட்புறத்தில், ஹோல்டரின் கழுத்தை ஒட்டி, சுண்டுவிரல் பருமனுள்ள ஓர் ஈயத்துண்டைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார். அது எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு பிற்பகல் முழுவதும் அரத்தால் ராவி ராவிப் பார்த்ததாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே, கண்ணில் வைத்த பூதக்கண்ணாடியை எடுக்காமல், இடது கையின் ஒரு விரலால் மூடியைத் தள்ளினார். அது இரண்டு அங்குலம் இறங்கி, அங்கேயே நின்றது.