லாயத்தில் தறி ஓடினால்

பழைய கட்டடம் நிலைத்து நிற்க வேண்டுமானால் அதற்கு அன்றாடம் வேலை இருக்க வேண்டும். பூட்டிக் கிடந்தால் ஓடு சரியும், மழை இறங்கும், சுவரில் செடி வேர்விடும். பண்ணை வளாகங்கள், தொழுவங்கள், லாயங்களைக் கைவினைஞர்களின் பொதுப் பட்டறைகளாக்குவது நல்லது என்பதற்கு முதல் காரணம் இதுதான். அயர்லாந்தின் கில்கென்னி நகரம் இதற்குச் சாட்சி. பட்லர் பிரபுக் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த கோட்டைக்கு எதிரே, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய குதிரை லாயம் பிறை வடிவில் வளைந்து நிற்கிறது. 1961இல் அயர்லாந்துக்கு வந்த ஸ்காண்டிநேவிய வடிவமைப்பாளர்கள் ஐவர், அந்நாட்டுப் பொருள்களின் வடிவமைப்பு பின்தங்கியிருப்பதைத் தங்கள் அறிக்கையில் ஒளிக்காமல் எழுதினார்கள். அதையடுத்து ஏற்றுமதி வாரியத்தின் வில்லியம் வால்ஷ் முன்னின்று 1963இல் கில்கென்னி டிசைன் ஒர்க்‌ஷாப்ஸைத் தொடங்கினார். சீரமைத்த லாயத்தில் அது 1965இல் முறையாகத் திறக்கப்பட்டது.

நெசவு, துணி அச்சு, மண்பாண்டம், வெள்ளி வேலை, மரக் கடைசல் எல்லாம் ஒரே வளாகத்தில் நடந்தன. இவ்வகைக் கட்டடங்களின் அமைப்பே அதற்குத் தோதானது. தறியின் அதிர்வைக் கனத்த கல்சுவர் தாங்கிக்கொள்ளும். வண்டி நுழைய விட்ட அகலமான வாசல் வழியே மரத்தடியும் களிமண் மூட்டையும் சுலபமாக உள்ளே போகும். வைக்கோல் பரணில் சரக்கை அடுக்கலாம். இதைவிடப் பெரிய ஆதாயம் பகிர்வு. புதிதாகத் தொழில் தொடங்கும் குயவர் ஒருவரால் நல்ல சூளை வாங்க முடியாது. வாங்கினாலும் பானைகள் சேரும்வரை அது சும்மா கிடக்கும். நாலு பேர் முறைவைத்துச் சுட்டால் செலவும் பங்காகும், அனுபவமும் கைமாறும்.

புதிய கொட்டகை போட்டால் செலவு குறையுமே என்று கேட்பார்கள். குறையலாம், ஆனால் பழைய கட்டடம் பாழானால் அந்த இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சூளையின் நெருப்பும் மரத்தூளும் பழைய கூரைக்கு ஆபத்து என்பது நியாயமான கவலை. சூளையைத் தனிக் கட்டடத்தில் வைப்பதும், தூளை உறிஞ்சும் கருவி பொருத்துவதும் தொடக்கத்திலேயே செய்ய வேண்டியவை. எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம், அரசுப் பணத்தில் நடந்த கில்கென்னி நிறுவனமே 1988இல் மூடப்பட்டது என்பது. உண்மைதான். ஆனால் மூடப்பட்டது நிறுவனம். கட்டடம் கைவினையை விட்டு விலகவில்லை. அயர்லாந்தின் கைவினைக் கழகம் பிறகு அங்கே குடியேறியது. 2000இல் தேசியக் கைவினைக் காட்சிக்கூடமும் அங்கே திறந்தது.

அந்த நிறுவனம் மூடப்பட்டதிலிருந்து நிர்வாகிகள் கற்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே புரவலரை நம்பிப் பட்டறையை நடத்தக் கூடாது. கைவினைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகை, நீண்டகாலக் குத்தகை, கருவிப் பராமரிப்புக்கு ஒதுக்கிய நிதி, நிர்வாகத்தில் அவர்களுக்கும் ஓர் இடம் ஆகியவற்றை முதல் கல்லைப் பெயர்க்கும் முன்பே எழுத்தில் உறுதிசெய்துவிட வேண்டும்.