அப்பவே யாராச்சும் சொல்லியிருந்தா...!

உங்களுக்கு வயது 40-ஐத் தாண்டிவிட்டதா? அப்படியானால் அடுப்பைக் கொஞ்சம் சிம்மில் வைத்துவிட்டு இந்தப் பக்கங்களைப் படியுங்கள். 55-ஐத் தாண்டியவரா? படித்துவிட்டுத் தங்கையிடமோ மருமகளிடமோ கொடுங்கள்.

கடலூர் செம்மண்டலத்தில் என் சித்த மருத்துவமனைக்கு வருகிற பெண்களில் 45 முதல் 55 வயதுக்காரர்கள்தான் அதிகம். மூட்டு வலி என்று வருவார்கள். தூக்கமில்லை என்று வருவார்கள். 'சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்' என்றும் வருவார்கள். நாடி பார்த்து, பேச்சுக் கொடுத்து, விலக்கு வந்த தேதிகளைக் கேட்டு, 'இது மாதவிடாய் நிற்கப் போகிற காலத்தின் தொந்தரவு' என்று விளக்கி முடித்ததும் பாதிப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "இதை அப்பவே யாராச்சும் சொல்லியிருக்கக் கூடாதா டாக்டரம்மா?"

நியாயமான ஆதங்கம். ஒரு பெண் பெரியவளாகிவிட்டால் நம் ஊரில் என்ன அமர்க்களம்! தாய்மாமன் சீர், மைக் செட், நல்லெண்ணெய் ஊற்றிக் கிளறிய உளுந்தங்களி, பச்சை முட்டை... தெருவுக்கே தெரியும். அதே பெண்ணுக்கு 30, 35 வருஷம் கழித்து அது நிற்கும்போது? வீட்டில் இருக்கிறவருக்கே தெரியாது. வருவதற்குச் சடங்கு உண்டு. நிற்பதற்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

நிற்பதற்கு முந்தைய ஆண்டுகள்

பலரும் நினைப்பது என்ன? மாதவிலக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் குழாயை மூடியதுபோல நின்றுவிடும் என்று. சிலருக்கு அப்படி நிற்பதும் உண்டு. ஆனால் பெரும்பாலோருக்கு அதற்கு முன்னால் சில ஆண்டுகள் தடுமாற்றமாகவே போகும். சராசரியாக 4 ஆண்டுகள். சிலருக்கு 8 ஆண்டுகள்கூட. சினைப்பையில் முட்டைகள் தீர்ந்துகொண்டே வரும்போது, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சீராகக் குறைவதில்லை. ஒரு மாதம் எகிறும், அடுத்த மாதம் விழும். லோ வோல்டேஜ், ஹை வோல்டேஜ் மாறி மாறி வந்தால் வீட்டில் பல்பு என்ன பாடு படுமோ, அந்தப் பாடுதான் உடம்பு படுகிறது.

தொடர்ந்து 12 மாதம் விலக்கு வராமல் இருந்தால்தான் 'மெனோபாஸ்' ஆகிவிட்டது என்று பொருள். மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் வருகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு 46-ஐ ஒட்டியே வந்துவிடுகிறது. ஆக, தடுமாற்றம் 41, 42-லேயே தலைகாட்டலாம். 'இந்த வயசுலயேவா?' என்று நீங்கள் திகைப்பதற்கு இதுதான் காரணம். 40-க்கு முன்பே நின்றுவிட்டால் மட்டும் அது வயதின் கணக்கல்ல. கட்டாயம் பரிசோதனை தேவை.

ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். வயது 47. ராத்திரி இரண்டு மணிக்குத் திடுக்கென்று விழிப்பு வரும். நெஞ்சு படபடக்கும். மார்கழிப் பனியிலும் நைட்டி நனைகிற அளவுக்கு வியர்வை. இ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தாகிவிட்டது, எதிலும் குறையில்லை. (அந்தப் பரிசோதனைகள் வீண் என்று சொல்ல மாட்டேன். படபடப்பு என்றால் முதலில் இதயத்தைப் பார்ப்பதுதான் முறை.) கடைசியில் தூக்க மாத்திரையில் வந்து நின்றிருந்தார். வகுப்பில் ஒரு பிள்ளையின் பெயர் மறந்துபோனதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். "எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போவுதுன்னே நெனச்சுட்டேன் டாக்டரம்மா." ஒரு வருடமாக விலக்குத் தேதி 20 நாள், 45 நாள் என்று தாறுமாறாக மாறியிருக்கிறது. அதையும் இதையும் அவர் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லை. ரத்தப் பரிசோதனையில் தைராய்டும் சரியாகவே இருந்தது. காரணம் தெரிந்ததுமே பாதி நோய் போய்விட்டது. மீதிப் பாதிக்குத்தான் மருந்து தேவைப்பட்டது.

தைராய்டை ஏன் பார்க்கச் சொன்னேன் என்றால், களைப்பு, எடை கூடுதல், மாதவிடாய்க் கோளாறு என்று அதுவும் இதே வேஷம் போட்டுக்கொண்டு வரும். திடீர் சூடு, வியர்வை, தூக்கமின்மை தவிர எரிச்சல், மறதி, மூட்டு வலி, தோள்பட்டையைத் தூக்க முடியாமல் இறுகிப்போவது, தோல் அரிப்பு இவையெல்லாமும் இந்த வயதின் விருந்தாளிகளே. 'அவ முன்ன மாதிரி இல்லீங்க, எதுக்கெடுத்தாலும் வள்ளுன்னு விழறா' என்று அலுத்துக்கொள்ளும் கணவன்மார்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

'நிக்கற நேரம், அப்படித்தான் இருக்கும்!'

இந்த ஒரு வாக்கியத்தைக் கண்டுதான் எனக்குப் பயம். அதிக உதிரப்போக்கைச் சித்த மருத்துவத்தில் 'பெரும்பாடு' என்போம். எவ்வளவு பொருத்தமான பெயர்! மாமியார், அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் 'நிக்கற நேரம், அப்படித்தான்' என்று சொல்லி வைத்திருப்பார்கள். பெண்ணும் மூன்று நான்கு வருடம் சகித்துக்கொண்டே இருப்பார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 6-ல் நிற்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. இதில் மாதாமாதம் பெரும்பாடும் சேர்ந்தால் உடம்பு என்ன ஆகும்?

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்று தொடர்ந்து மாற்ற வேண்டியிருந்தால், பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டி கட்டியாகப் போனால், 7 நாளுக்கு மேல் நீடித்தால், இரண்டு விலக்குக்கு நடுவிலோ தாம்பத்தியத்துக்குப் பிறகோ கசிந்தால் அது 'அப்படித்தான்' அல்ல. நார்க்கட்டி இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், கருப்பையின் உட்சுவர் தடித்திருக்கலாம். ஸ்கேன் செய்து காரணம் தெரிந்த பிறகுதான் நானே மருந்தைத் தொடுவேன். அசோகப்பட்டை, அத்திப்பட்டைக் கஷாயம் நல்லதுதான். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுக்கக் கூடாது.

இதற்கு நேர் எதிரான ஒரு கோடியும் இருக்கிறது. 'இனிமே அது எதுக்கு? எடுத்துப் போட்டுடுங்க!' கருப்பையை ஏதோ பழைய தட்டுமுட்டுச் சாமான்போல எண்ணிப் பேசுவார்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி 2019-ல் வெளியான செய்தி நாட்டையே உலுக்கியது. 82 ஆயிரம் பெண்களிடம் கேட்டதில் 13 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கருப்பையை இழந்திருந்தார்கள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக் காட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எண்ணிக்கை நினைவுக்கு வரும். கூலிப் பெண்களின் கதைதானே என்று நினைக்காதீர்கள். நாடு முழுக்க எடுத்த கணக்கில், 50 வயதுக்குள் கருப்பையை எடுத்துக்கொண்ட பெண்களில் பாதிப் பேர் அதை எடுத்தது 34, 35 வயதுக்குள். மூன்றில் இரண்டு பங்கு அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவிட்டது.

எடுத்தே ஆகவேண்டிய நிலைமைகள் உண்டு. அப்போது தயங்கக் கூடாது. ஆனால் கத்தி வைப்பதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. எதற்காக எடுக்கிறீர்கள்? மாத்திரையோ, ஹார்மோன் வைத்த காப்பர் டி போன்ற சாதனமோ போதாதா? சினைப்பையையும் சேர்த்து எடுக்கிறீர்களா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். நிற்காத பெண்ணுக்கு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் வரவேண்டிய மாற்றம் ஒரே வாரத்தில் தலையில் வந்து இறங்கும். எலும்புக்கும் இதயத்துக்கும் அது கெடுதல்.

நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும்...

சிதம்பரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். வயது 58. நின்று ஆறு வருடம் ஆகியிருந்தது. முழங்கால் வலிக்குத் தைலம் கேட்டு வந்தவர்கள், கிளம்பும்போது கதவருகே நின்று மெதுவாகச் சொன்னார்கள்: "ஒரு நாலு மாசமா லேசா படுது. கோயிலுக்குத்தான் போக முடியல, வேற தொந்தரவு ஒண்ணுமில்ல." திருப்பிக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மருந்து எழுதவில்லை, மகப்பேறு மருத்துவருக்குக் கடிதம்தான் எழுதினேன். உட்சுவரிலிருந்து சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய், ஆரம்ப நிலை. அறுவை முடிந்து இன்று நன்றாக இருக்கிறார்கள்.

மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு ரத்தம் பட்டால், ஒரே ஒரு முறை, ஒரே ஒரு சொட்டு என்றாலும் உடனே காட்ட வேண்டும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது வேறு சாதாரணக் காரணமாகவே இருக்கும். அந்தப் பத்தாவது ஆளுக்குத்தான் கருப்பைப் புற்றுநோய். அந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் மணியடிப்பது இந்த ரத்தக் கசிவுதான். 'திரும்பவும் இளமை வந்துடுச்சு' என்று கேலி பேசுகிற வீடுகளும் உண்டு. சிரித்துக்கொண்டே நாளைக் கடத்திவிடாதீர்கள். சித்த மருத்துவர் நானே சொல்கிறேன்: இதற்குக் கஷாயம் தேடி வராதீர்கள், முதலில் பரிசோதனைக்குப் போங்கள்.

சூடு தணிய, எலும்பு தேயாமலிருக்க

மனித ஆயுளை மூன்றாகப் பகுத்து, நடுப்பங்கைப் பித்த காலம் என்கிறது சித்த மருத்துவம். நாற்பதுகளில் உடம்பு அனலாகக் கொதிப்பதை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறோம். நீர்மோர், நெல்லிக்காய், நன்னாரி ஊறல், செவ்வாய் வெள்ளியில் இளஞ்சூட்டில் எண்ணெய்க் குளியல் இவை சுகம் தரும். ராத்திரிச் சாப்பாட்டில் காரத்தையும், மாலை 4 மணிக்கு மேல் காபியையும் குறைத்துப் பாருங்கள். தண்ணீர்விட்டான் கிழங்கு சேர்ந்த லேகியம் நாங்கள் வழக்கமாகக் கொடுப்பது. ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் எந்த மூலிகையையும் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் லேகியத்தில் இருக்கும் வெல்லத்தை மறக்கக் கூடாது. லேபிள் இல்லாத பொடியை யார் கொடுத்தாலும் வேண்டாம்.

இவை போதாத அளவுக்குத் தொந்தரவு உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஹார்மோன் சிகிச்சை என்றதும் 'கேன்சர் வருமாமே' என்று அலறுவார்கள். 2002-ல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் செய்தி அது. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. பிற்பாடு அலசிப் பார்த்ததில், 60 வயதுக்குள் அல்லது நின்று 10 ஆண்டுக்குள், தகுந்த பரிசோதனைக்குப் பின் தொடங்குகிறவர்களில் பலருக்கு நன்மையே அதிகம் என்று தெரிந்தது. எல்லோருக்கும் ஏற்றதல்ல, எல்லோருக்கும் விலக்கப்பட்டதும் அல்ல. என் வைத்தியத்தில் அடங்காதவர்களை நான் அங்கே அனுப்பத் தயங்குவதில்லை.

வாய்விட்டுச் சொல்லாத ஒன்று: பிறப்புறுப்பு வறட்சி. தாம்பத்தியத்தில் வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு, இருமினால் சிறுநீர் கசிவது எல்லாம் இதைச் சேர்ந்தவை. 'இந்த வயசுல இதையெல்லாம் போய் எப்படிச் சொல்றது' என்று மறைக்க வேண்டாம். தடவும் களிம்புகள் இருக்கின்றன. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியும் இருக்கிறது. இன்னொன்று, தடுமாறும் காலத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு முற்றிலும் போய்விடாது. கடைசி விலக்கு 50-க்குள் வந்திருந்தால் அதன்பின் 2 ஆண்டு, 50-க்கு மேல் என்றால் ஓராண்டு கருத்தடை அவசியம். மருமகள் உண்டாகியிருக்கும் வீட்டில் மாமியாரும் உண்டாகி, கலங்கிப்போய் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எலும்பு சத்தமில்லாமல் தேயும். நின்ற முதல் ஐந்தாறு ஆண்டுகளில்தான் வேகம் அதிகம். நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்கிறது தேசிய உணவியல் நிறுவனம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது. முருங்கைக்கீரையில் 300-க்கு மேல், எள்ளில் ஆயிரத்துக்கு மேல். முள்ளோடு சாப்பிடும் நெத்திலி நம் கடலூர்க்காரர்களுக்குக் கிடைத்த வரம். பெரியவளானபோது தின்ற உளுந்தங்களியையும் எள்ளுருண்டையையும் இப்போது மறுபடி ஆரம்பியுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையோ, சிதம்பரம் நான்கு வீதிகளோ, காலை வெயில் படும்படி அரைமணி நேரம் நடங்கள். நடை மட்டும் போதாது. தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்கும் அளவுக்காவது தசைக்கு வேலை கொடுங்கள். ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பும் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை இதயத்துக்குத் துணையிருந்த ஈஸ்ட்ரோஜன் இனி இருக்காது.

தினசரி காலண்டரில் விலக்கு வந்த நாளையும் முடிந்த நாளையும் 40 வயதிலிருந்தே குறித்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அதைவிட நல்ல ரிப்போர்ட் கிடையாது.

'எனக்கு எப்போ நிக்கும்?' என்று கேட்கிறீர்களா? ஓரளவு துப்பு கிடைக்கும் இடம் உங்கள் அம்மா. பெரும்பாலும் அம்மாவுக்கு நின்ற வயதை ஒட்டியே மகளுக்கும் நிற்கிறது. போன மாதம் 43 வயதுப் பெண்மணி ஒருவர் தன் தாயாருடன் வந்திருந்தார். கேளுங்கள் என்றேன். மகள் தயங்கித் தயங்கிக் கேட்டார். பாட்டியம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். "நாப்பத்தாறுல நின்னுச்சு. ரெண்டு வருஷம் உடம்பெல்லாம் எரியும், ராத்திரி கொல்லையில போய் உட்கார்ந்துக்குவேன். உங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது" என்றார்கள். மகள் நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார். வெளியே ஆள் காத்திருந்தாலும், அன்று அவர்களை நான் அவசரப்படுத்தவில்லை.